மாலியிலிருந்து ஒரு பொட்டலம் மாசி

நாகர்கோவில்
மார்ச் 2

அன்புள்ள மாப்ளைக்கு,

நாங்கள் நலம். நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் நலம்தானே? அம்மாவுக்கு முட்டுவலி குறைந்திருக்கிறதா? போன கடிதத்தில் நீ எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு அங்கேயேதான் இருக்கிறது. உடனே பதில் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. போன மாதம் நானும் என் வீட்டுக்காரியும் ஊரில் இல்லை. மாலத்தீவுக்குப் போயிருந்தோம். ஆமாம், உங்க அப்பா சொல்லிக்கொண்டே இருப்பாரே, அந்த மாலிதான்.

ஓய்வு பெற்றதும் எங்காவது போக வேண்டும் என்று அவள் இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு வேறு எந்த ஊர்ப் பெயரும் வாயில் வரவில்லை. எட்டாம் வகுப்பில் நீ டிபன் பாக்ஸைத் திறந்தால் பக்கத்து பெஞ்சுக்காரன்வரை திரும்பிப் பார்ப்பானே, அந்த மாசிக் கருவாட்டுச் சம்பல் வாசனைக்கு, அது எங்கிருந்து வருகிறது என்று ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று அப்போதே ஆசை. உங்க அப்பா தூத்துக்குடித் தோணியில் தண்டலாக, அதாவது தோணித் தலைவராக, இருந்து மாலிக்கு வெங்காயமும் கூரை ஓடும் ஏற்றிப் போனவர். திரும்பி வரும்போது சாக்குத் துணியில் சுற்றி மாசி கொண்டு வருவார். கருங்காலிக் கட்டை மாதிரி இருக்கும். அதை வெளியில் வைத்துத் தட்டும் சத்தம் உங்கள் தெருவுக்கே கேட்கும்.

திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை. இங்கிருந்து மதுரைக்குப் பஸ்ஸில் போவதைவிடச் சீக்கிரம். விசாவும் முன்கூட்டி எடுக்க வேண்டாம், இறங்கும் இடத்திலேயே கொடுக்கிறார்கள். ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தபோது அவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கருநீலக் கடலுக்கு நடுவே வெளிர்பச்சை வளையங்கள், அந்த வளையங்களின் மேல் அரிசி சிந்தினாற்போலத் தீவுகள். மொத்தம் 1,192 பவளத் தீவுகள். அதில் ஊர் என்று ஜனங்கள் குடியிருப்பது 200-க்கும் குறைவு. இந்த வளையத்துக்கு உலகம் முழுக்க வழங்குகிற பெயரே அவர்களுடைய திவெஹி மொழியிலிருந்து போனதுதான். அவர்கள் அதை அத்தொளு என்கிறார்கள், ஆங்கிலத்தில் அட்டால் ஆகிவிட்டது.

முதல் நாள் தலைநகர் மாலியில் தங்கினோம். சின்ன ஊர், நெருக்கம் சொல்லி முடியாது. சந்து சந்தாகத் தெரு, தெருவெல்லாம் மோட்டார் சைக்கிள். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. ஆனால் வடக்குக் கரையில் மீன் மார்க்கெட் இருக்கிறது. மத்தியானத்துக்கு மேல் படகுகள் வரும் நேரத்தில் போனோம். தரையெல்லாம் சூரை. நம் ஊரில் சூரை என்றால் மலிவு மீன், வீட்டுக்கு விருந்தாளி வந்தால் வாங்க மாட்டோம். அங்கே அதுதான் ராஜா. வலை போட்டு அள்ளுவது கிடையாது மாப்ளை. ஒவ்வொரு மீனையும் தூண்டிலில் பிடிக்கிறார்கள். முதலில் பாறைப் பக்கம் பொடிமீனை உயிரோடு பிடித்துப் படகுக்குள் தண்ணீரில் வைத்துக்கொள்கிறார்கள். சூரைக் கூட்டம் தெரிந்ததும் அந்தப் பொடிமீனை வீசி, கடல்மேல் தண்ணீரைப் பீச்சியடிக்கிறார்கள். கீழே இருக்கிற மீனுக்கு மேலே இரை துள்ளுகிற மாதிரி இருக்கும். அப்புறம் வரிசையாக நின்று கழியைப் போட்டுத் தூக்கித் தூக்கிப் பின்னால் எறிகிறார்கள். தூண்டில் முள்ளில் எதிர்முனை கிடையாது, அதனால் மீன் தளத்தில் விழும்போதே கழன்றுவிடும். பல நூற்றாண்டாக இதே முறைதான். நம் பக்கம் இழுவை மடி வந்து கடலடியைச் சுரண்டியதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அந்த மார்க்கெட்டில் நின்றபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

அந்தப் படகுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? தோனி. முன்பக்கம் தென்னங்குருத்து மாதிரி வளைந்து நிற்கும்.

பக்கத்திலேயே காய்கறிச் சந்தை. சின்ன வெங்காயம், முருங்கைக்காய், தேங்காய். வெங்காயச் சாக்கைத் திருப்பிப் பார்த்தேன், தமிழில் அச்சடித்திருந்தது. கடைக்காரரிடம் கேட்டேன். “தூத்துக்குடி” என்று நம்மை மாதிரியே அழுத்திச் சொன்னார். துறைமுகப் பக்கம் நடந்தபோது நம் ஊர்த் தோணி ஒன்று நின்றிருந்தது. மரத்தோணிதான், பாய்க்குப் பதில் இப்போது எஞ்சின். மூட்டை இறக்கிக்கொண்டிருந்த பையன்களிடம் உங்க அப்பா பெயரைச் சொன்னேன். அவர்களுக்குத் தெரியவில்லை, எல்லோருக்கும் இருபத்தைந்து வயசுகூட இருக்காது. ஆனால் தோணியில் சமைக்கிற வயசான பண்டாரி ஒருவர் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “பெரிய தண்டலா? நான் சின்னப் பையனா இருக்கும்போது பார்த்திருக்கேன்” என்றார். வேறு எதுவும் அவருக்கு நினைவில்லை. அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. தோணியைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன், இதோடு அனுப்புகிறேன்.

பழைய பள்ளிவாசல் ஒன்று இருக்கிறது, 1658-இல் கட்டியது. சுவர் முழுக்கப் பவளக் கல். கல்லில் பூவேலை செய்திருக்கிறார்கள், மரத்தில் செதுக்கினாற்போல இருக்கிறது. அதன் பெயர் ஹுகுரு மிஸ்கி, வெள்ளிக்கிழமைப் பள்ளி என்று அர்த்தம். ஹுகுரு என்பது சுக்கிரன்தானாம். ஞாயிறு ஆதீத்த, செவ்வாய் அங்கார, புதன் புத. 1153-இல் இஸ்லாத்துக்கு வந்தவர்கள், அதற்கு முன்னால் இருந்த கிழமைப் பெயர்களை இன்றும் வைத்திருக்கிறார்கள். நம் ராஜராஜன் மெய்க்கீர்த்தியில் “முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரம்” என்று வருமே, அது இந்தத் தீவுகள்தான் என்று அறிஞர் பலர் சொல்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தபோது பன்னீராயிரம் என்பது வெறும் எண்ணாக இருந்தது.

மறுநாள் ஸ்பீட் போட்டில் தொட்டூ என்ற தீவுக்குப் போனோம். கடல் கொஞ்சம் கொந்தளிப்பு. அவள் வழியெல்லாம் வாந்தி எடுத்தாள், திரும்பிப் போய்விடலாம் என்றுகூடச் சொன்னாள். கரையில் இறங்கி ஒரு இளநீர் குடித்ததும் சரியாகிவிட்டது. விளம்பரத்தில் காட்டுகிறார்களே, தண்ணீருக்கு மேலே கால் ஊன்றிய குடில்கள், அங்கே நாங்கள் போகவில்லை. ஒரு ராத்திரி வாடகை நம் பென்ஷனுக்குக் கட்டாது. கட்டினாலும் போயிருக்க மாட்டேன். அவை தனித் தீவுகள், அங்கே ஊர் கிடையாது, ஜனம் கிடையாது. 1972-இல் இருந்து வெளிநாட்டார் அப்படித்தான் வந்து போனார்கள். ஊர்க்காரர்கள் தங்கள் தீவிலேயே சின்ன விடுதி நடத்த 2009 வாக்கில்தான் வழி பிறந்தது. நீ போனால் ஊர் இருக்கிற தீவுக்குப் போ. அங்கே மது கிடையாது. நீச்சல் உடையில் குளிக்கத் தனிக் கடற்கரை ஒதுக்கியிருக்கிறார்கள், மற்ற இடங்களில் நம் ஊர் மாதிரி அடக்கமாக இருக்க வேண்டும். நமக்கு அதில் ஒரு கஷ்டமும் இல்லை.

தொட்டூவில் தர்பூசணியும் பப்பாளியும் விளைகிறது. மணலில் எப்படி என்று கேட்காதே, உரத்தையும் தண்ணீரையும் பார்த்துப் பார்த்து விடுகிறார்கள். ரமலானுக்கு மாலிக்கு நிறையத் தர்பூசணி இங்கிருந்துதான் போகிறது. நாங்கள் போனது நோன்புக்கு முந்தைய வாரம், காலையில் எழுந்து நடந்தால் வண்டி வண்டியாகக் காய் துறைக்குப் போய்க்கொண்டிருக்கும். ஒரு மணி நேரத்துக்குள் தீவைச் சுற்றி வந்துவிடலாம். நடுவில் பழைய பௌத்த விகாரம் இருந்த மேடு ஒன்று இருக்கிறது. 1958-இல் தோண்டியபோது புத்தர் சிலையோடு ஒரு ரோமானிய வெள்ளிக் காசும் கிடைத்ததாம், கி.மு. முதல் நூற்றாண்டுக் காசு. கொற்கைக்கு முத்து வாங்க வந்த கப்பல்களைப் பற்றி நாம் பேசுவோமே, அதே கடல்தானே இது.

கடலைப் பற்றி எழுதாவிட்டால் நீ கோபிப்பாய். கண்ணாடி மாட்டிக்கொண்டு முகத்தை மட்டும் முக்கினேன். இடுப்பளவுத் தண்ணீரில் அத்தனை மீன். கிளிமீன் பவளத்தைக் கடிக்கிற சத்தம் காதில் நறநற என்று கேட்கிறது. அது கடித்து அரைத்து வெளியே விடுவதில் ஒரு பங்குதான் அந்த வெள்ளை மணல் என்று விடுதிப் பையன் சொன்னான். ஆமை ஒன்று என் பக்கத்தில் வந்து, புல் மேய்கிற மாடு மாதிரி நிதானமாக மேய்ந்துவிட்டுப் போனது. புள்ளித் திருக்கை மூன்று, இறக்கை அடித்துப் பறந்து போயின. அதைப் பறத்தல் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் மேல்பக்கத்துப் பவளம் நிறைய இடத்தில் செத்துச் சாம்பல் நிறத்தில் கிடக்கிறது. 1998-இலும் 2016-இலும் கடல் சூடேறி வெளுத்துப்போனதாம். கொஞ்சம் ஆழத்தில் திரும்ப முளைத்து வருவதையும் பார்த்தேன், விரல் நீளத்துக்கு ஊதா நிறக் கிளைகள். நாட்டிலேயே மிக உயரமான இயற்கை மேடு 2.4 மீட்டர்தான். பவளம்தான் அவர்களுக்கு மதில். நம் ஊரில் இதே பவளத்தைக் கடல் கல் என்று வெட்டி வண்டி வண்டியாகச் சுண்ணாம்புக் காளவாசலுக்கு ஏற்றிப் போனதை வேடிக்கை பார்த்தோம். நம் கரைக்கு எதிரே இருக்கிற வான்தீவு தேய்ந்து சிறுத்துப்போனது. காணும் பொங்கலுக்கு முயல்தீவில் விளையாடியபோது நமக்கு யாரும் அதைச் சொல்லித் தரவில்லை. அந்த ஊதா முளைகளைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் தண்ணீரில் கிடந்தேன், முதுகு வெந்துபோனது.

இனி சாப்பாடு. விடுதியை நடத்துகிற பையனின் அம்மாதான் சமையல். கண் ஆபரேஷனுக்குத் திருவனந்தபுரத்தில் ஒரு மாதம் இருந்தவர், மாலத்தீவுக்காரர்கள் நிறையப் பேர் வைத்தியத்துக்கு அங்கேதான் வருகிறார்கள். நாங்கள் நாகர்கோவில் என்றதும் பக்கத்து வீட்டார் மாதிரி ஆகிவிட்டார். காலையில் முற்றத்தில் தேங்காய்த் துருவிப் பலகையில் உட்கார்ந்து துருவ ஆரம்பிப்பார். அதற்கு ஹுனிகொண்டி என்று பெயர். முதலில் வெங்காயம், மிளகாய், உப்பு, எலுமிச்சை நான்கையும் கையாலேயே நன்றாகப் பிசைகிறார். வெங்காயம் தண்ணீர் விட்ட பிறகு புகைபோட்ட சூரையை உதிர்த்துப் போடுகிறார். கடைசியில்தான் தேங்காய். அடுப்பே கிடையாது. சுடச்சுட ரொஷியோடு, நம் சப்பாத்திதான், கொஞ்சம் மெல்லிசு. கூடவே பால் விடாத இனிப்புத் தேநீர். மஸ் ஹுனி என்று பெயர், நாடே அதைத்தான் காலையில் சாப்பிடுகிறது.

முதல் வாய் வைத்ததும் நான் நிறுத்திவிட்டேன். உன் டிபன் பாக்ஸ் மாப்ளை. ஈரமாக இருந்தது, மிளகாய் வேறு மிளகாய், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு நாள் அவர் முருங்கைக் கீரையை உருவிக்கொண்டிருந்தார். பெயர் கேட்டேன். “முரங்கா” என்றார். அதைக் கருதியாவில் போட்டார். கருதியா என்பது சூரையை உப்புப் போட்டு வேகவைத்த தெளிந்த சாறு. புளி கிடையாது, மசாலா கிடையாது. நுரையை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், அதில்தான் கைப்பக்குவம். சோற்றில் ஊற்றி, எலுமிச்சை பிழிந்து, பச்சை மிளகாயைக் கடித்துக்கொள்கிறார்கள். அவளுக்கு முதல் நாள் பிடிக்கவில்லை, மூன்றாம் நாள் அவளே கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அதே சாற்றைப் பல மணி நேரம் வற்றவிட்டால் பழுப்பு விழுதாகிவிடும், ரிஹாகுரு. வருஷக் கணக்கில் கெடாது. சாயங்காலம் டீக்கடையில் பஜியா, குல்ஹா என்று பொரித்த பலகாரம், எதைப் பிட்டாலும் உள்ளே சூரையும் தேங்காயும். சாப்பாட்டுக்கு அப்புறம் மெல்லிசாகச் சீவிய பாக்கு, வெற்றிலை, கிராம்பு. ஐந்து நாளில் எனக்குச் சலிக்கவில்லை. காய்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள் கஷ்டப்படுவார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும்.

மாசி எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டதற்கு, தன் அண்ணன் வீட்டுக் கொல்லைக்கு அழைத்துப் போனார். சூரையை நீளவாட்டில் நான்காகக் கீறி, உப்புத் தண்ணீரில் வேகவைத்து, புகைமேல் பரணில் அடுக்கியிருந்தார்கள். அப்புறம் நாள் கணக்கில் வெயில். கொட்டாங்கச்சிப் புகை, தென்னமட்டைப் புகை. உங்கள் வீட்டு அடுக்களைப் பரண் அப்படியே கண்ணில் வந்தது. உங்க அப்பாவைப் பற்றி அந்த அம்மாவிடம் சொன்னேன், பையன் மொழிபெயர்த்தான். அவர் உள்ளே போய்க் கட்டை கட்டையாகப் பொறுக்கி எடுத்து வந்து ஒரு கிலோ நிறுத்தார். காசு கொடுத்தபோது பாதிதான் வாங்கினார்.

அந்த ஒரு கிலோவில் பாதி இந்தப் பார்சலில் வருகிறது. ஈரம் படாமல் டப்பாவில் போட்டு வை. மிக்ஸியில் போடாதே, பிளேடு போய்விடும். முதலில் சுத்தியலால் தட்டி, அப்புறம் உரலில் இடி. பிள்ளைகளுக்குக் கொடுக்கும் முன்னால் ஒரு கட்டையை அப்படியே அம்மா கையில் கொடு. எங்கிருந்து வந்தது என்று சொல்லாதே. முகர்ந்து பார்த்துவிட்டு என்ன சொல்கிறார்கள் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பெஞ்சுக்காரன்