வாங்கியவரும் குற்றவாளியா?

ஆசிரியருக்கு,

அரசு ஆவணம் கசிந்தாலே 'தேசத் துரோகம்' என்ற கூச்சல் கிளம்பிவிடுகிறது. 1923-ஆம் ஆண்டு அலுவல் ரகசியச் சட்டத்தின் 5-வது பிரிவில், கொடுத்தவரோடு தெரிந்தே வாங்கியவரும் குற்றவாளி. 3 ஆண்டு வரை சிறை. எது ரகசியம் என்ற வரையறை மட்டும் சட்டத்தில் இல்லை!

பிரான்சிடமிருந்து ரஃபேல் போர் விமானங்கள் வாங்கிய விவகாரத்தையே எடுத்துக்கொள்வோம். பிரதமர் அலுவலகம் பிரான்ஸ் தரப்புடன் தனியே பேசுவது நம் பேரத்தைப் பலவீனப்படுத்தும் என்று, 2015 நவம்பர் தேதியிட்ட பாதுகாப்பு அமைச்சகக் குறிப்பில் பாதுகாப்புச் செயலர் கைப்பட எழுதினார். அது மிகையான எதிர்வினை என்ற அன்றைய பாதுகாப்பு அமைச்சர் பாரிக்கரின் பதிலும் அதே தாளில் உண்டு. 2019-இல் பத்திரிகையில் முதலில் வெளியான பகுதியில் பாரிக்கரின் பதில் இல்லை. தாள் முழுசாக வந்திருக்க வேண்டும். அரைகுறையாய் வந்ததால் இரு தரப்புக்கும் அரசியல்தான் மிஞ்சியது.

'ஆவணங்கள் திருட்டு' என்று அவ்வாண்டு மார்ச் 6-இல் உச்ச நீதிமன்றத்தில் சொன்ன அட்டர்னி ஜெனரல் (மத்திய அரசின் தலைமை வழக்கறிஞர்), இரண்டே நாளில் 'மனுதாரர்கள் காட்டியவை நகல்கள்தான்' என்றார். பொதுநலன் மேலோங்கினால் ரகசியத் தகவலையும் தரலாம் என்னும் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(2) பிரிவையும் சுட்டிக்காட்டி, அந்த ஆவணங்களை ஏற்கக் கூடாது என்ற அரசின் ஆட்சேபத்தை ஏப்ரல் 10-இல் உச்ச நீதிமன்றம் நிராகரித்தது. ரஃபேல் தீர்ப்பை மறுஆய்வு செய்யக் கோரிய மனுக்கள் நவம்பரில் தள்ளுபடியாயின என்பது வேறு விஷயம்.

ரகசியச் சட்டத்தையே நீக்கலாம் என்று இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 2006-லேயே பரிந்துரைத்தது. 5-வது பிரிவிலிருந்து பத்திரிகையாளர்களுக்காவது விலக்கு தாருங்கள்.

- ஒரு வழக்கறிஞர், மதுரை