மகளிர் தினக் கண்காட்சி: ஒன்பதாம் வகுப்புப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். மார்ச் 8 கண்காட்சிக்கு நம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள், அமெரிக்க அடிமை ஒழிப்பு இயக்கத்துப் பெண்கள் திரட்டிய மனுச்சுருள் ஒன்றின் மாதிரியைச் செய்கிறார்கள்.

தலைவர்களின் படங்களை ஒட்டாமல் மனுவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. வாக்குரிமை இல்லாத பெண்கள் சட்டமன்றத்தை நேரடியாக எட்ட இருந்த வழி அதுதான். 1833இல் பிலடெல்பியாவில் கறுப்பினப் பெண்களும் வெள்ளையினப் பெண்களும் சேர்ந்து அடிமை ஒழிப்புச் சங்கம் தொடங்கினார்கள். இப்படிப் பல ஊர்ச் சங்கப் பெண்கள் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார்கள். பெரும்பாலும் ஆண்களுக்கு ஒரு பத்தி, பெண்களுக்கு ஒரு பத்தி. தாள் நிரம்பினால் அடியில் இன்னொன்றை ஒட்டுவார்கள். மனுக்கள் குவிந்ததால், அவற்றை விவாதிக்காமலே ஒதுக்கிவைக்க 1836இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபை விதி போட்டது. 1844இல்தான் அது நீங்கியது. தடை போட்டதும் மனுக்கள் கூடினவே தவிரக் குறையவில்லை.

1840இல் லண்டன் அடிமை ஒழிப்பு மாநாட்டுக்குப் போன பெண் பிரதிநிதிகளைப் பேச விடாமல் பார்வையாளர் பகுதியில் உட்காரவைத்தார்கள். அங்கே சந்தித்த லுக்ரீசியா மாட்டும் எலிசபெத் கேடி ஸ்டான்டனும் 1848 ஜூலையில் செனிகா ஃபால்ஸில் பெண்ணுரிமை மாநாட்டைக் கூட்டினார்கள். அதன் பிரகடனத்தில் 68 பெண்களும் 32 ஆண்களும் கையெழுத்திட்டார்கள். 1863இல் ஸ்டான்டனும் சூசன் பி. ஆன்டனியும் அடிமை முறையைச் சட்டத்தால் ஒழிக்கக் கோரி மீண்டும் மனு இயக்கம் நடத்தினார்கள். முதல் 1,00,000 கையெழுத்துகள் 1864 பிப்ரவரி 9 அன்று மேலவையான செனட்டுக்குப் போயின. மொத்தம் ஏறக்குறைய 4,00,000. அடிமை முறையை ஒழித்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் 1865இல் நிறைவேறியது. பெண்களின் வாக்குரிமைக்கோ 1920 வரை ஆனது.

அடிமையாக இருந்து விடுதலையான கறுப்பினப் பேச்சாளர் சோஜர்னர் ட்ரூத் 1851இல் ஒஹாயோ மாநிலத்து அக்ரனில் பேசியதாக இணையத்தில் பரவலாகக் கிடைக்கும் உரையை மனப்பாடம் செய்ய வேண்டாம். அது 1863இல் வேறொருவர் எழுதியது. 1851இலேயே அச்சான பதிவு வேறு மாதிரி இருக்கிறது. டச்சு மொழி பேசி வளர்ந்த நியூயார்க் பெண்ணான ட்ரூத்தின் வாயில், 1863இல் எழுதியவர் தென்மாநிலப் பேச்சு வழக்கை ஏற்றிவிட்டார். பேச்சுப் போட்டிக்கு 1851 பதிவின் தமிழாக்கத்தை நாங்களே தருகிறோம்.

சுருளுக்கு ஏ4 தாள் 20 போதும். தாளுக்கு 40 பெயர், 2 செ.மீ. மேற்பொருத்தி ஒட்டினால் சுமார் ஐந்தரை மீட்டர் வரும். (1,00,000 பெயருக்கு 2,500 தாள்! கணக்கைப் பிள்ளைகளே போடட்டும்.) மைதாப் பசையைக் கெட்டியாகக் காய்ச்சுங்கள், நீர்த்திருந்தால் தாள் சுருங்கும். இரவு முழுக்கக் கனமான புத்தகத்தின் அடியில் வையுங்கள். ஈரத்தோடு சுருட்டினால் ஒட்டிக்கொண்டு கிழியும். ஜெல் பேனா தீற்றும், பந்துமுனைப் பேனாவே நல்லது. பெயர்களைப் பிள்ளைகளே எழுதுவார்கள். வீட்டார் கையெழுத்து வேண்டாம்.

சுருளை மார்ச் 6க்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்