அந்த மாணவியின் கட்டுரைக்கு ஒரு கேபிள்காரன் எழுதுவது

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயிறு மாணவர் பக்கத்தில், குழந்தைகள் தொலைக்காட்சியை ஒழுங்குபடுத்துவது பற்றி இதழியல் படிக்கும் ஒரு மாணவி எழுதியதை, முதல் வரைவு என்று சொல்லியே போட்டு, வாசகர்கள் கருத்து எழுதலாம் என்று கேட்டிருந்தீர்கள். நான் பேராசிரியர் இல்லை. சின்னாளப்பட்டியில் 22 வருடம் கேபிள் நடத்தியவன். லைன் இழுத்ததும் நான்தான், மாதம் பிறந்தால் வீடு வீடாக வசூலுக்கு நின்றதும் நான்தான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

கட்டுரையில் எனக்கு ரொம்பப் பிடித்தது கடைசிக்கு முந்தின பத்தி. ஒரு மணி நேரம் குழந்தைகள் சேனல் முன்னால் நோட்டும் கடிகாரமுமாக உட்கார்ந்து விளம்பரம் எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று எண்ணியிருக்கிறார் பாருங்கள், அதைக் கொண்டுபோய் மூலையில் வைத்துவிட்டு, ‘இன்றைய நவீன உலகில்’ என்று ஆரம்பித்திருக்கிறார். அந்த நோட்டிலிருந்து ஆரம்பிக்கட்டும். அப்படியே ஒரு மணி நேரத்துக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் போகக்கூடாது, அதில் சேனலின் சொந்த விளம்பரமும் அடக்கம் என்று கேபிள் டிவி விதியிலேயே இருப்பதையும் பக்கத்தில் எழுதினால், அவர் எண்ணின எண்ணிக்கைக்கு ஒரு அர்த்தம் வரும்.

அடுத்து, ‘சிப்ஸ், குளிர்பான விளம்பரங்களைக் குழந்தைகள் சேனல்களில் தடை செய்யச் சட்டம் கொண்டுவர வேண்டும்’ என்கிறார். கொண்டுவந்தாயிற்று. 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்களில், குழந்தைகளுக்கான நிகழ்ச்சியிலும் குழந்தைகளுக்கென்றே உள்ள சேனலிலும் இந்த மாதிரித் தின்பண்ட விளம்பரம் வரக்கூடாது என்று தெளிவாக இருக்கிறது. அதனால் கட்டுரை கேட்க வேண்டியது புதுச் சட்டம் இல்லை. இருப்பதை யார் பார்க்கிறார்கள் என்பதைத்தான். கட்டுரை முழுக்கத் ‘தடை செய்யப்பட வேண்டும்’, ‘கண்காணிக்கப்பட வேண்டும்’ என்று வருகிறது, நான் பென்சிலால் கோடு போட்டு எண்ணினேன், பதினோரு இடம். ஒரு இடத்திலாவது யார் என்று இல்லை.

அப்புறம் பெரிய விஷயம். குழந்தைகள் பார்க்கிற தொலைக்காட்சி வேறு, குழந்தைகள் சேனல் வேறு. 2007இல் சுட்டி டிவி வந்தபோது சாயங்காலம் நாலு மணிக்கு எந்த வீட்டுக்குப் போனாலும் டோராவும் ஜாக்கி சானும் தமிழ் பேசிக்கொண்டிருந்தது நிஜம்தான். ஆனால் ஏழு மணிக்கு ரிமோட் கை மாறிவிடும். எங்கள் ஊரில் பாதி நெசவு வீடு, முன்னறையில் தறி, அதற்கு எதிரே டிவி. ஒருநாள் ஏழரை மணிக்கு வசூலுக்குப் போய்த் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே சீரியலில் மாமியார் பாலில் எதையோ கலக்கிக்கொண்டிருக்கிறார், பாட்டி சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பார்க்கிறார். தரையில் குப்புறப் படுத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த இரண்டாம் வகுப்புப் பிள்ளை தலையைத் தூக்காமலே, “பாட்டி, அது விஷம். இன்னைக்கு குடிக்க மாட்டா, நாளைக்குத்தான்” என்கிறது. மாணவி சொல்கிற ஒழுங்குமுறை எதுவும் இந்த வீட்டுக்குள் நுழையாது, ஏனென்றால் அங்கே ஓடுவது குழந்தைகள் சேனல் இல்லை.

இதற்கும் விதி இருக்கிறது. குழந்தைகளுக்கு ஆகாத நிகழ்ச்சியை, அதிகக் குழந்தைகள் பார்க்கும் நேரத்தில் போடக்கூடாது என்கிறது அதே கேபிள் விதி. எந்த நேரம் என்று மணி சொல்லவில்லை. பிரிட்டனில் இரவு ஒன்பது என்று கோடு போட்டிருக்கிறார்கள். இங்கே சேனல்காரர்கள் தாங்களாகவே வகுத்துக்கொண்ட நெறிமுறையில் இரவு 11 முதல் காலை 5 வரை பெரியவர்களுக்கானது, மற்றதெல்லாம் பொது. ஏழரை மணி விஷம் பொதுவில் சேர்த்தி! கட்டுரையின் நடுப்பகுதி முழுவதையும் இதற்குக் கொடுக்கலாம்.

சக்திமான் பார்த்து மாடியிலிருந்து குதித்தார்கள் என்று ஒரே வரியில் தாண்டுவது சரியில்லை. எந்த ஊர், எந்த வருடம், எந்தப் பத்திரிகை என்று ஒன்றாவது தேடிப் போடட்டும், இல்லாவிட்டால் எடுத்துவிடட்டும். நன்றாகப் பதிவான சம்பவம்தான் வேண்டுமென்றால் ஜப்பானில் இருக்கிறது: 1997 டிசம்பர் 16 அன்று போகிமான் கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் மாறி மாறிப் படபடவென்று மின்னியதில் 600க்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நிகழ்ச்சியை நான்கு மாதம் நிறுத்தி, மின்னும் வெளிச்சத்துக்குத் தனி விதிமுறை வகுத்தார்கள். ஸ்வீடன் உதாரணமும் அரைகுறை. 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைக் குறிவைத்து விளம்பரம் கூடாது என்று அங்கே சட்டம் இருப்பது சரி, ஆனால் லண்டனிலிருந்து செயற்கைக்கோளுக்கு ஏற்றி ஸ்வீடனில் இறக்கிய சேனல் அந்தச் சட்டத்துக்குள் வரவில்லை. டிஷ்ஷுக்கு எல்லைக்கோடு தெரியாது, எங்களை மாதிரி ஆட்களுக்கு இது முதல் நாளே தெரியும்.

மொபைல் பற்றிய இரண்டு பத்தியும் வேண்டாம், அது தனிக் கட்டுரை. (என் தொழில் படுத்ததே அதனால்தான், அது வேறு.)

புகார் எப்படிக் கொடுப்பது என்பது கட்டுரையில் இல்லவே இல்லை. 2021 ஜூனில் திருத்திய விதிப்படி முதலில் சேனலுக்கே எழுத வேண்டும், அவர்கள் 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும், திருப்தி இல்லையென்றால் சேனல்களின் சுய ஒழுங்குமுறை அமைப்புக்கு, அதற்கும் மேலே மத்திய அரசுக்கு. எங்கே எழுதுவது என்பது டிவியின் அடியில் ஆங்கிலத்தில் ஓடும். ஒருமுறை அதை எழுதிக்கொள்ள உட்கார்ந்தேன், முகவரி முடிவதற்குள் மூன்று தடவை விட்டுவிட்டேன். தறியில் உட்கார்ந்திருக்கிற அம்மா எங்கே எழுதுவார்? எங்களிடம்தான் வருவார்கள், “அண்ணே, பரீட்சை முடியிற வரைக்கும் கனெக்ஷனைப் பிடுங்கிவிடுங்க” என்று. பாக்ஸில் சேனலைப் பூட்டுகிற வசதி இருக்கிறது, அந்தப் பின் நம்பரை என்னிடம் கேட்டுவருவது பெரும்பாலும் பிள்ளைகள்தான்.

கடைசியாக ஒன்று. மாவட்டம்தோறும் கேபிள் டிவி கண்காணிப்புக் குழு அமைக்க வேண்டும் என்று 2005லேயே மத்திய அரசு உத்தரவு போட்டது. கலெக்டர் தலைவர், ஒரு மகளிர் கல்லூரி முதல்வரும் குழந்தைகள் நலத் தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதியும் உறுப்பினர்கள். அந்தக் குழு நம் மாவட்டத்தில் இருக்கிறதா, கடைசியாக எப்போது கூடியது என்று ஒரு தகவல் உரிமை மனு போட்டால் கட்டுரைக்கு வேறு யாரிடமும் இல்லாத செய்தி கிடைக்கும். தபாலில் அனுப்பினாலும் போதும், நேரில் கேட்பதென்றால் திங்கட்கிழமை மனு நாள். திண்டுக்கல் கலெக்டர் ஆபீஸ் என்றால் சொல்லச் சொல்லுங்கள், நானும் கூட வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பழைய கேபிள் ஆபரேட்டர்,
சின்னாளப்பட்டி