ஸ்டேகர் லீயின் தொப்பியும் பில்லி லயன்ஸின் உயிரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசையைப் பற்றித் தங்கள் ஞாயிறு மலரில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். தமிழில் அரிதாகவே எழுதப்படும் ஒரு பொருளுக்கு இவ்வளவு இடம் ஒதுக்கியமைக்கு நன்றி. ஆனால் அதில் 'ஸ்டேகர் லீ' என்னும் பாடலை, இயற்றியவர் யாரென்று தெரியாத பழம்பாடல் என்றும், அதன் நாயகன் கற்பனையில் பிறந்த முரடன் என்றும் கட்டுரையாளர் குறிப்பிட்டிருப்பதில் முன்பாதி மட்டுமே சரி. இயற்றியவர் பெயர் கிடைக்கவில்லை. அப்பாடலில் வரும் கொலை நடந்த இடமும் நாளும் இறந்தவரின் பெயரும் ஆவணங்களில் தெளிவாகவே இருக்கின்றன.

1895ஆம் ஆண்டு டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் இரவு. மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரில், பதினோராம் தெருவும் மோர்கன் தெருவும் சந்திக்கும் முனையில் பில் கர்ட்டிஸ் என்பவரின் மதுக்கடை இருந்தது. அங்கே குதிரை வண்டி ஓட்டுபவரான லீ ஷெல்டனும், மிசிசிப்பி ஆற்றுத்துறையில் கூலி வேலை செய்த வில்லியம் லயன்ஸும் (பாடலில் வரும் 'பில்லி' இவர்தான்) குடித்து மகிழ்ச்சியாகப் பேசிக்கொண்டிருந்தார்கள் என்றும், பேச்சு அரசியல் பக்கம் திரும்பிய பிறகே தகராறு மூண்டது என்றும் உள்ளூர் நாளிதழான 'குளோப் டெமாக்ரட்' அப்போது எழுதியது. வாக்குவாதத்தில் லயன்ஸ் ஷெல்டனின் தொப்பியைப் பறித்துக்கொண்டார். திருப்பிக் கேட்டும் கொடுக்கவில்லை. ஷெல்டன் துப்பாக்கியை எடுத்து அவர் வயிற்றில் சுட்டார். தரையில் விழுந்தவரின் கையிலிருந்த தொப்பியை எடுத்துக்கொண்டு நிதானமாக வெளியே நடந்தார் என்கிறது அந்தச் செய்தி. பாடலில் இன்றுவரை நிலைத்திருக்கும் ஸ்டெட்சன் நிறுவனத் தொப்பி இதுதான்; 'ஸ்டேக் லீ' என்பது ஷெல்டனின் பட்டப்பெயர், அதுவே பாடலில் 'ஸ்டேகர் லீ' ஆயிற்று.

வழக்கின் போக்கும் பாடல் சொல்வதைப் போன்றதன்று. 1896இல் நடந்த முதல் விசாரணையில் ஜூரிகளுக்குள் ஒருமித்த முடிவு ஏற்படவில்லை. மறு ஆண்டு நடந்த இரண்டாம் விசாரணையில் 25 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 1909இல் பரோலில் வெளிவந்த ஷெல்டன் வேறொரு குற்றத்துக்காக மீண்டும் சிறைக்குப் போய், 1912 மார்ச்சில் காசநோயால் சிறை மருத்துவமனையில் இறந்தார். அவரைத் தூக்கில் போட்டது பாடல் மட்டுமே.

பாடல் பரவிய வேகம் வியப்புக்குரியது. 1897ஆம் ஆண்டிலேயே அது பியானோவில் வாசிக்கப்பட்டதாகப் பத்திரிகைக் குறிப்பு உள்ளது. அப்படியானால் ஷெல்டன் நீதிமன்றத்துக்கும் சிறைக்குமாக இருந்த காலத்திலேயே அவரைப் பற்றிய பாட்டு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. ஆற்றுப்படகுகளில் சரக்கு ஏற்றி இறக்கும்போது கறுப்பினத் தொழிலாளர்கள் பாடுவது என்று குறிப்பிட்டு, 1910இல் டெக்சாஸிலிருந்து ஒரு பெண்மணி அதன் வரிகளை நாட்டார் பாடல் சேகரிப்பாளர் ஜான் லோமாக்ஸுக்கு அனுப்பினார். மறு ஆண்டு சமூகவியல் ஆய்வாளர் ஹோவர்ட் ஓடம் சில வடிவங்களை ஆய்விதழில் அச்சேற்றினார். 1920களில் இசைத்தட்டுகள் வரத் தொடங்கின. புளூஸ் பாடகி மா ரெய்னி 1925இல் பாடினார்.

எனினும் நான் திரும்பத் திரும்பக் கேட்பது கிதார் வாசித்துப் பாடும் மிசிசிப்பி ஜான் ஹர்ட் 1928 டிசம்பரில் நியூயார்க்கில் பதிவு செய்த வடிவத்தைத்தான். கட்டைவிரல் அடித்தந்திகளில் தாளம் தவறாமல் மாறிமாறி நடக்க, மற்ற விரல்கள் மேல்தந்திகளில் மெட்டை மீட்ட, உரக்கக் கத்தாத ஒரு குரல் பாடுகிறது. காவலரைப் பார்த்து, எல்லாரையும் பிடிக்கிறீர்களே, இந்தக் கொடியவனை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்பதில் தொடங்குகிறது பாட்டு. தனக்கு இரண்டு குழந்தைகளும் அன்பான மனைவியும் உண்டு, உயிரை எடுத்துவிடாதே என்று பில்லி கெஞ்சுகிறார். அதைப் பற்றி எனக்கென்ன, என் தொப்பியை எடுத்தாயே என்கிறான் மற்றவன். ஹர்ட் யார் பக்கம் நிற்கிறார் என்பதில் ஐயமே எழுவதில்லை. இக்கலைஞர் அதன்பின் அவலான் என்னும் தம் சிற்றூரில் விவசாய வேலைக்குத் திரும்பி, 1963இல்தான் இசை ஆர்வலர்களால் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டார்.

பிற்காலத்தில் பாடல் வேறு திசையில் போயிற்று. பாடகர் லாயிட் பிரைஸின் துள்ளலான வடிவம் 1959 பிப்ரவரியில் அமெரிக்க விற்பனைப் பட்டியலின் முதலிடத்தைப் பிடித்தது. தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காகக் கொலையை நீக்கி, இருவரும் சமாதானமாகப் போவதாக அவரே மாற்றிப் பாடவும் நேர்ந்தது. வேறு பல வடிவங்களில் ஸ்டேகர் லீ யாருக்கும் அஞ்சாத வீரனானான். இதன் காரணம் எனக்குப் புரிகிறது. கறுப்பின மக்களை அடித்துக் கொன்றவர்கள் தண்டிக்கப்படாமல் திரிந்த காலத்தில், போலீசுக்கும் நீதிபதிக்கும் தலைவணங்காத ஒரு கறுப்பினத்தவனைப் பற்றிப் பாடுவதில் ஓர் ஆறுதல் இருந்திருக்கும். 2003இல் இப்பாடலைப் பற்றி விரிவான நூல் எழுதிய செசில் பிரவுனும் அந்த ஈர்ப்பை நன்றாக விளக்குகிறார். ஆனால் அந்த வீரத்துக்குப் பலியானவர் அதிகாரியோ முதலாளியோ அல்லர்; அதே மக்களில் ஒருவரான ஒரு கூலித் தொழிலாளி. புகழ்பாடும் கட்டுரைகள் இந்த ஒன்றைத்தான் வசதியாகத் தாண்டிப் போகின்றன. அடையாளமின்றிக் கிடந்த ஷெல்டனின் கல்லறைக்கு 2013இல் இசை ஆர்வலர்கள் கல் நாட்டினார்கள். அதை நான் குறை சொல்லவில்லை.

தங்கள் கட்டுரையில் தொப்பியின் பெயர்கூட இருக்கிறது. லயன்ஸின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. அடுத்த ஞாயிறு மலரில் சிறு திருத்தமாகவேனும், ஸ்டேகர் லீ கற்பனைப் பாத்திரம் அல்லன் என்பதையும், 1895இல் செயின்ட் லூயிஸில் சுடப்பட்டு இறந்தவர் வில்லியம் லயன்ஸ் என்பதையும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்