மூடி வைத்து அளந்து அனுப்பு

அன்புள்ள மகனுக்கு,

"பெட்டிதானே அம்மா, வாங்கினால் போச்சு, அதற்கு எதற்கு வகுப்பு?" என்று போனில் கேட்டாய். அப்போது சிரித்து விட்டுவிட்டேன். பதில் கொஞ்சம் நீளம். உன்னிடம் ஒரு வேலையும் ஆக வேண்டியிருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

துணிக்கலைப் பட்டறை என்றுதான் பெயர். ஆனால் பெட்டியும் புத்தக உறையும் செய்ய ஆரம்பித்தால் பாதி நேரம் அட்டையோடும் பசையோடும்தான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. அட்டைக்கு நார் ஓட்டம் உண்டு, அதாவது உள்ளே இருக்கும் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் ஓடும் என்பதே எனக்கு இங்கே வந்துதான் தெரிந்தது. நாரின் போக்கில் மடக்கினால் சொன்ன பேச்சு கேட்கும், குறுக்கே மடக்கினால் முரண்டு பிடிக்கும். புத்தக உறை என்றால் அந்த ஓட்டம் முதுகுக்கு இணையாக, மேலிருந்து கீழாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஈரம் பட்டுக் காயும்போது உறை கோணிக்கொள்ளும்.

எங்கள் ஆசிரியை அதிகம் பேச மாட்டார், செய்து காட்டுவார். ஓர் அட்டையில் ஒரு பக்கம் மட்டும் துணி ஒட்டி அலமாரி மேல் வைத்தார். அடுத்த வகுப்பில் எடுத்துப் பார்த்தால் துணி இருந்த பக்கமாக அது குழிந்து வளைந்திருந்தது. பசை ஈரத்தில் விரியும் துணி, காயும்போது சுருங்கி அட்டையையும் சேர்த்து இழுத்துக்கொள்கிறது. அப்புறம் மறுபக்கத்தில் காகிதம் ஒட்டி, பளுவுக்கு அடியில் ஒரு ராத்திரி விட்டார். இரண்டு பக்க இழுப்பும் ஒன்றுக்கொன்று சரியாகி அட்டை நிமிர்ந்துவிட்டது. கடையில் வாங்கும் டயரிகளின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் தாள் அழகுக்கு என்றுதானே நினைத்திருப்பாய்? அதற்கு இந்த வேலையும் இருக்கிறது.

மூலை மடிப்புதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. துணியைச் சாய்வாக வெட்டும்போது அட்டையின் மூலையை ஒட்டி வெட்டக் கூடாது. அட்டை கனத்தைப் போல ஒன்றரை மடங்கு விட வேண்டும். 2 மில்லிமீட்டர் அட்டை என்றால் 3 மில்லிமீட்டர். குறைந்தால் முனையில் அட்டை பல்லிளிக்கும், கூடினால் மூலை மொத்தையாகிவிடும். பெட்டி மூடியிலும் இதே மாதிரி ஒரு கணக்கு இருக்கிறது. அடிப்பெட்டிக்குத் துணி ஒட்டி முடித்த பிறகுதான் மூடியை அளந்து வெட்ட வேண்டும். துணியும் மெல்லியதுதான், காகிதமும் மெல்லியதுதான். ஆனால் நாலு பக்கமும் ஒன்றின் மேல் ஒன்று சேரும்போது மூடி இறங்க மறுக்கும்.

நீ "பெட்டிதானே" என்றதால் இதையும் சொல்கிறேன். இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத், அரசியாவதற்கு வெகு முன்பு, 1544இல், தன் மாற்றாந்தாய் கேதரின் பாருக்கு ஒரு புத்தகம் பரிசளித்தாள். பிரெஞ்சுக் கவிதை ஒன்றை ஆங்கிலத்தில் பெயர்த்துக் கையால் எழுதியது. நீலத் துணியில் தங்க, வெள்ளி இழைகளால் பின்னல் வேலை செய்த மேலுறை. நடுவில் சித்தியின் பெயரெழுத்துகள், மூலைகளில் பூக்கள். உறையையும் அவளே தைத்தாள் என்றுதான் சொல்கிறார்கள். அப்போது அவளுக்கு வயது 11. ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தில் அது இன்னும் இருக்கிறது. மார்த்தா எட்லின் என்று இன்னொரு பெண். அவளும் 11 வயதில்தான், 1671இல், தன் பூவேலைப் பெட்டியை முடித்தாள். அந்தக் குடும்பத்துப் பெண்கள் வழிவழியாகக் காப்பாற்றி வைத்திருந்து, இப்போது லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த வயதில் உன்னிடம் ஊசியில் நூல் கோக்கச் சொன்னால் வீட்டிலேயே இருக்க மாட்டாய்.

பட்டறையில் பெரும்பாலோருடன் எனக்கு ஒத்துப்போகாத விஷயம் ஒன்று உண்டு. புத்தக உறையில் மணியும் ஜரிகையுமாக இறைக்கிறார்கள். பார்க்க அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் புத்தகம் கையில் புழங்கும் சாமான். மேஜையில் கவிழும், பைக்குள் போகும், சாவிக்கொத்தோடு உரசும். பின்னட்டையில் மணி வைத்தால் புத்தகம் ஆடிக்கொண்டே கிடக்கும், கொஞ்ச நாளில் மணியும் போய்விடும். இழைகளைப் பக்கம் பக்கமாக நீளமாக இழுத்து நிரப்பும் சாட்டின் தையல் ஜிப்பில் மாட்டி இழுபடும். உறைக்குச் சங்கிலித் தையல் போதும், துணியோடு படிந்து கிடக்கும். மணி, முடிச்சு, பஞ்சு வைத்துப் புடைத்த பூ எல்லாம் பெட்டி மூடிக்கு. அதை யாரும் கவிழ்த்து வைக்கப் போவதில்லை. எதுவானாலும் ஒட்டுவதற்கு முன்பே தைத்து முடித்துவிட வேண்டும், ஒட்டிய பிறகு அட்டைக்குள் ஊசி போகாது. நல்ல பூவேலை என்றால் நான் பசையே போடுவதில்லை. அட்டையின் பின்பக்கம் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் உறுதியான நூலை மாற்றி மாற்றி இழுத்துக் கட்டிவிடுகிறேன். நாளைக்கு அட்டை கெட்டுப்போனாலும் துணியைப் பிரித்து எடுத்துக்கொள்ளலாம்.

சரி, இப்போது வேலைக்கு வருகிறேன். நீ எப்போதும் எழுதிக்கொண்டிருப்பாயே, அந்த நோட்டுக்குக் கழற்றி மாட்டுகிற மாதிரி ஓர் உறை செய்யப் போகிறேன். நீ விட்டுப்போன கோடுபோட்ட பருத்திச் சட்டைதான் துணி. கோட்டுத் துணியில் நூலளவு சாய்ந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும், அதனால் அளவு துல்லியமாக வேண்டும். நோட்டை மூடி வைத்து அள. திறந்து வைத்து அளந்த உறையை மாட்டினால் புத்தகம் மூடாது. உயரம் ஓர் அளவு. முன்னட்டை ஓரத்திலிருந்து முதுகைச் சுற்றிப் பின்னட்டை ஓரம் வரை டேப் வைத்து இன்னோர் அளவு. இரண்டையும் மில்லிமீட்டரில் எழுது. போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு "நீயே பார்த்துக்கோ" என்று சொல்லாதே.

பேனா செருக ஓரத்தில் ஒரு வளையம் வேண்டுமா என்றும் சொல். வேண்டுமென்றால் பேனா எவ்வளவு தடிமன் என்பதையும் சேர்த்து எழுது. சட்டைப் பையை அப்படியே உள்பக்கம் வைத்துத் தைத்துவிடலாம் என்று எனக்கு ஆசை, ரசீது கிசீது வைத்துக்கொள்வாய். உனக்குப் பிடிக்காது என்றால் வெட்டுவதற்கு முன்பே சொல்லிவிடு.

அன்புடன்,
அம்மா