பிழைக்கு எடை வேண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சான்றிதழ்த் தேர்வு தேவையா என்ற பேச்சு எழும்போதெல்லாம், இரு மொழிகளிலும் பட்டம் பெற்றவருக்கு இன்னொரு தேர்வு எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். சட்ட ஆவணங்களை மொழிபெயர்ப்பதும் பிறர் மொழிபெயர்த்தவற்றைத் திருத்துவதும் என் தொழில். தேர்வு வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் வினாத்தாள் எவ்வளவு கடினமானது என்பதைவிட, விடைத்தாளை எப்படித் திருத்துகிறார்கள் என்பதில்தான் அதன் மதிப்பு இருக்கிறது.

அமெரிக்க மொழிபெயர்ப்பாளர் சங்கம் 1973 முதல் நடத்திவரும் தேர்வில் அகராதிகளைப் பார்த்தே எழுதலாம். அப்படியிருந்தும் ஐந்தில் ஒருவருக்கும் குறைவானவர்களே தேறுகிறார்கள். ஒவ்வொரு பிழைக்கும் அதன் கடுமைக்கேற்ப 1, 2, 4, 8, 16 எனப் புள்ளிகள் இடப்படுகின்றன. மொழிபெயர்க்கத் தரப்படும் ஓர் உரைப்பகுதியில் 18 புள்ளிகள் சேர்ந்துவிட்டால் அதில் தோல்வி. ‘வித்அவுட் பிரெஜுடிஸ்’ என்ற சட்டத் தொடரை ‘உரிமைகளுக்குப் பாதகமின்றி’ என்று எழுதாமல் ‘பாரபட்சமின்றி’ என்று எழுதிவிட்டால், நடை எவ்வளவு சரளமாக இருந்தாலும், ஒரு தரப்பின் உரிமையைக் காக்கும் வாசகமே அங்கே காணாமல் போகிறது. ஒற்று ஒன்று விடுபட்டால் அந்த ஆபத்து இல்லை. (ஒற்றுப்பிழை எனக்கும் எரிச்சலூட்டுவதுதான்.) இவ்விரண்டுக்கும் ஒரே அளவில் மதிப்பெண் குறைக்கும் தேர்வு, கவனமான எழுத்தரைத் தேர்ந்தெடுக்குமே தவிர நல்ல மொழிபெயர்ப்பாளரை அன்று.

ஆஸ்திரேலியாவில் மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சான்றளிக்கும் ‘நாட்டி’ (NAATI) அமைப்பு நடத்தும் தேர்வில் பிறர் மொழிபெயர்ப்பைத் திருத்தும் பகுதியும் உண்டு. எந்திரம் தரும் வரைவைச் சீர்செய்வதே அன்றாட வேலையாகிவரும் இக்காலத்தில் அது இன்றியமையாதது.

அமெரிக்கச் சங்கம் தேர்வு நடத்தும் மொழி இணைகளில் தமிழ் இல்லை. தமிழுக்கென்று தேர்வு வைப்பவர்கள் வேறொரு சிக்கலையும் எதிர்கொள்ள வேண்டியிருக்கும். தமிழ்நாட்டில் ‘பிரமாணப் பத்திரம்’ எனப்படுவது இலங்கையில் ‘சத்தியக் கடதாசி’. ஒரு நாட்டு வழக்கையே அறிந்த விடைத்தாள் திருத்துநர், மற்றதைப் பிழையென்று சுழித்துவிடக் கூடாது. ஆகவே, எந்த நாட்டு வாசகருக்காக மொழிபெயர்க்க வேண்டும் என்பதை வினாத்தாளிலேயே குறிப்பிடுவதோடு, பிழைகளுக்கான புள்ளி அட்டவணையையும் தேர்வுக்கு முன்பே வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சட்ட மொழிபெயர்ப்பாளர் ஒருவர்