தெப்பக்காடு சஃபாரி டிக்கெட் கவுண்டரில் சண்டை போடுகிறவர்களுக்கு

கோடையில் முதுமலைக்கு வந்து, தீ அபாயம், சஃபாரி இல்லை என்றதும் கத்துகிற சுற்றுலாக்காரர்களே,

வணக்கம். மசினகுடிப் பக்கம் டீக்கடை வைத்திருக்கிறேன். பூங்காவை மூடினால் முதல் அடி என் கல்லாப்பெட்டிக்குத்தான். அதனால் இதை வனத்துறைக்கு வக்காலத்து என்று நினைக்க வேண்டாம்.

பிப்ரவரி பிறந்தால் தேக்கெல்லாம் மொட்டையாக நிற்கும். கீழே கணுக்கால் புதையச் சருகு. மழையில் ஆள் உயரம் வளர்ந்த புல் வைக்கோலாகிக் கிடக்கும். நடுவே உண்ணிச்செடி, பூ அழகாக இருக்கிறதென்று நீங்கள் செல்ஃபி எடுக்கிறீர்களே, அதேதான். வெள்ளைக்காரன் தோட்டத்து அழகுக்குக் கொண்டுவந்தது, இன்று காட்டையே வளைத்துவிட்டது. தரையோடு ஓட வேண்டிய தீயை மரத்தின் மேல் ஏற்றிவிடும் ஏணி அது.

மூங்கில் உரசித்தான் தீப்பிடிக்கிறது என்று ஒருவர் என் கடையில் பந்தயமே கட்டினார். எனக்குத் தெரிந்து இங்கே எந்த மூங்கிலும் பீடி குடிப்பதில்லை.

2019 பிப்ரவரியில் பக்கத்துப் பந்திப்பூர் எரிந்தபோது விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்து தண்ணீர் கொட்டின. அதற்கு இரண்டு வருடம் முன்பு அதே காட்டில் தீயணைக்கப் போன வனக்காவலர் ஒருவர் உயிரோடு திரும்பவில்லை. 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டவர்கள் தீயில் சிக்கி இறந்ததை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள்.

அப்புறம், சாலையோரப் புல்லை வெட்டி எரிப்பதைப் படம் பிடித்து 'வனத்துறையே காட்டைக் கொளுத்துகிறது' என்று போடுகிறீர்கள். ஐயா, அது தீத்தடுப்புக் கோடு. உங்கள் காரிலிருந்து விழும் சிகரெட் துண்டுக்குப் பற்றிக்கொள்ள ஒன்றும் கிடைக்கக் கூடாது என்றுதான் வெயிலில் நின்று அந்த வேலையைச் செய்கிறார்கள். அதையும் தாண்டித் தீ உள்ளே போனால், எங்கள் ஊர்ப் பையன்கள்தான் பச்சைத் தழையை ஒடித்துக்கொண்டு ஓட வேண்டும். தழையால் அடித்தே அணைப்பார்கள். அப்படிப் போய்விட்டு ஒருநாள் விடியற்காலையில் என் தங்கை மகன் கடைக்கு வந்தான். புருவம் கருகியிருந்தது. டீ கொடுத்தேன், கிளாஸைப் பிடிக்க முடியவில்லை. நான்தான் ஆற்றி ஆற்றி வாயில் ஊற்றினேன்.

பிப்ரவரி தொடங்கி கோடைமழை வரை என் கடையில் சிகரெட் கிடையாது. அதற்கும் கோபப்படுகிறீர்கள். சரி, அந்தக் கோபத்தோடே ஒரு டீ குடித்துவிட்டுப் போங்கள்.